முந்நூறு வேகமும் அக்காவின் அறையும்

எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், வீட்டு இணையத்தின் வேகத்தை இரத்த அழுத்தம் மாதிரிதான் விசாரிப்பார்கள். காலையில் மீன் வாங்குகிற இடத்தில் பார்த்துக்கொண்டால், "உங்க வீட்ல எவ்ளோ வருது?" என்று ஒருவர் கேட்பார். மற்றவர் ஓர் எண்ணைச் சொல்வார். கேட்டவர் உச்சுக் கொட்டுவார், இல்லையென்றால் தன் எண்ணைச் சொல்லிவிட்டு நிமிர்ந்து நிற்பார். இரத்த அழுத்தம் ஏறினால் கவலைப்படுவார்கள், இது ஏறினால் மீன்காரருக்கும் சேர்த்துச் சொல்வார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த எண் எதைக் குறிக்கிறது என்பது இரண்டிலுமே யாருக்கும் சரியாகத் தெரியாது.

இந்த வியாதியை ஊரில் பரப்பியவள் நான்தான். கணினியியலில் பட்டம் வாங்கிக்கொண்டு எங்கள் ஊரான கோத்தா திங்கிக்குத் திரும்பி, நாற்பது இடத்துக்கு வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்த மாதங்கள் அவை. சும்மா உட்காரத் தெரியாத பிறவி நான். யார் வீட்டுக்குப் போனாலும் கைப்பேசியில் வேகம் அளக்கும் செயலியைத் திறந்துவிடுவேன். முள் ஏறும், நடுங்கும், ஓர் இடத்தில் நிற்கும். வீட்டுக்காரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். எண்ணைச் சொன்னதும் மைலோ கலக்கித் தருவார்கள். வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் அனுப்புவதற்கும், இரவு நாடகம் ஒன்று பார்ப்பதற்கும் எவ்வளவு வேகம் போதும் என்று நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. சொன்னால் மைலோ கிடைத்திருக்காது.

இப்படி ஊருக்கெல்லாம் நாடி பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் வீட்டிலேயே ஒரு நோயாளி வந்து சேர்ந்தாள். என் அக்கா.

அக்காவுக்கு வேலை சிங்கப்பூரில், ஒரு காப்புறுதி நிறுவனத்தில். மக்கள் அனுப்பும் இழப்பீட்டு மனுக்களை வரி வரியாகப் படித்து, எதற்குப் பணம் தரலாம், எதற்குக் கூடாது என்று குறிப்பு எழுதுகிற பிரிவு. அதிகாலை நாலரைக்குக் கிளம்புவாள். ஜோகூர் பாருவில் பஸ் மாறி, சிங்கப்பூர் எல்லைப் பாலத்தின் இரண்டு முனையிலும் வரிசையில் நின்று, வேலை பார்த்து, அதே வரிசைகளில் திரும்ப நின்று வீடு வந்து சேரும்போது நாங்கள் சாப்பிட்டு முடித்திருப்போம். ஆறு வருடமாக இதுதான். வீட்டு கேட்டுக்கு அப்பா புதிதாகச் சாயம் அடித்து ஐந்து நாள் கழித்து, சனிக்கிழமை காலையில், "எப்ப அடிச்சீங்க?" என்று கேட்டவள்.

ஒருநாள் வந்தவள் பையைக்கூட இறக்காமல் சொன்னாள். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை செய்ய அவள் பிரிவில் சிலரை அனுமதிக்கப் போகிறார்களாம். ஒரே நிபந்தனை, வீட்டு இணையம் தேற வேண்டும். நிறுவனத்தின் கணினிப் பிரிவு ஆள் குறிப்பிட்ட நாளில் அழைப்பில் வந்து சோதிப்பார். அப்லோட், அதாவது நம் வீட்டிலிருந்து வெளியே போகும் வேகம், முப்பதுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

"கெடைக்கலேன்னா?" என்று அம்மா கேட்டார்.

கிடைக்காவிட்டால் ஜோகூர் பாருவில் ஓர் அறை பார்த்து வைத்திருப்பதாக அக்கா சொன்னாள். நான்கு பெண்கள் தங்கும் அறையில் ஒரு கட்டில் காலி. சனிக்கிழமை வந்துவிட்டு ஞாயிறு சாயந்திரம் போய்விடுவாள். முதுகு இனிமேல் தாங்காது என்றாள். அம்மா சமையலறைக்குப் போனார். அன்றைக்குத் தேவைக்கு மேல் மூன்று வெங்காயம் அதிகமாக நறுக்கினார்.

"நீங்க யாரும் கவலப்படாதீங்க, நான் பாத்துக்கறேன்" என்றேன். எங்கள் வீட்டில் மிக அதிகச் செலவு வைத்த வாக்கியங்களில் இதுவும் ஒன்று.

மறுநாளே பேரங்காடி வாசலில் குடை விரித்து உட்கார்ந்திருந்த விற்பனை இளைஞரிடம் போய் நின்றேன். அவர் பின்னால் ஆளுயரச் சுவரொட்டி. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என ஒரு குடும்பமே சோபாவோடு காற்றில் பறந்துகொண்டிருந்தது. அவர்களுக்குக் கீழே ஆரஞ்சு நிறத்தில் முந்நூறு என்று எழுதியிருந்தது. எங்கள் வீட்டில் அப்போது இருந்தது நூறு. நூறா, என்று அந்த இளைஞர் கேட்ட விதத்தில், நாங்கள் இன்னும் மண்ணெண்ணெய் விளக்கில் படிக்கிறோமோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. முந்நூறு இருந்தால் ஒரே நேரத்தில் நான்கு தொலைக்காட்சி ஓடும் என்றார். எங்கள் வீட்டில் தொலைக்காட்சி ஒன்று. அதன் ரிமோட்டில் பாதிப் பொத்தான் வேலை செய்யாது.

நான் அவரிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: அப்லோட் எவ்வளவு? அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கேட்டேன். ரூட்டருக்கு எத்தனை ஆண்டெனா, எந்தத் தலைமுறை, எந்த அலைவரிசை என்று அடுக்கினேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் தலையாட்டினார். படித்தவள் என்று அவர் முகத்தில் தெரிந்த மரியாதை எனக்குப் போதுமானதாக இருந்தது. இரண்டு வருட ஒப்பந்தத்தில் அக்காவின் பேரை எழுதி, அக்காவிடம் கைப்பேசியில் ஒப்புதல் வாங்கி முடித்தேன். பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தவள், "நீ பாத்தா சரி" என்று சொல்லிவிட்டாள்.

அப்பாவுக்கு மட்டும் சந்தேகம். அவர் செம்பனை எண்ணெய் ஆலைக்குக் குலை ஏற்றும் லாரி ஓட்டுபவர். "ஹைவேலயும்தான் நூத்திப் பத்துன்னு போர்டு போட்டிருக்கான். பெருநாளைக்கு ஊருக்குப் போறப்ப பத்துலதான நவுருது? போர்டுகிட்ட போயி கேக்க முடியுமா?" என்றார். ஃபைபர் என்பது தார் ரோடு மாதிரி இல்லை என்று அவருக்கு அரை மணி நேரம் விளக்கினேன். கேட்டு முடித்துவிட்டு, "சரி, ஆனா வண்டி ஓடறது ரோட்லதான" என்று போய்விட்டார்.

புது ரூட்டர் வந்து இறங்கியது. பொருத்த வந்தவர் பழையதைக் கழற்றிய அதே இடத்தில் இதையும் வைத்தார், அதாவது பீடத்தில். கூடத்தின் முன்சுவரில் உள்ள ஒரே மின்முனை பீடத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இயேசுவின் திரு இருதயப் படத்துக்கு எரியும் சின்னச் சிவப்பு விளக்குக்காகப் போட்டது. அதனால் ஐந்து வருடமாக எங்கள் வீட்டு இணையம் திரு இருதயத்துக்கும் அந்தோணியாருக்கும் நடுவிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அம்மா சனிக்கிழமை தோறும் புனிதர் சுரூபங்களைத் துடைக்கும் துணியாலேயே ரூட்டரையும் துடைப்பார். புதியதற்குக் கீழே பின்னல் துணி ஒன்றும் விரித்தார்.

பீடத்துக்கு முன்னால் நின்று அளந்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு. சொன்னதைவிடப் பன்னிரண்டு அதிகம். அதைப் படம் பிடித்து குடும்பக் குழுவில் போட்டேன், அன்பியக் குழுவில் போட்டேன். அன்பியம் என்றால் எங்கள் தேவாலயப் பங்கில் அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் வீட்டுக்கு வீடு மாறிக் கூடிச் செபிக்கிற குழு. பதினேழு கைகூப்பல்கள் வந்தன. அதே படத்தில் பெரிய எண்ணுக்குக் கீழே இன்னோர் எண் சின்னதாக இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை.

பிறகு அக்காவின் அறைக்குப் போனேன். அது வீட்டின் பின்கோடியில், இரண்டு செங்கல் சுவர், ஒரு சமையலறை, ஒரு குளிர்பெட்டி தாண்டி இருக்கிறது. அங்கே முள் ஏறுவதற்கே யோசித்தது. வருவது நாற்பத்தொன்று, போவது பதினொன்று.

அன்றிரவு அக்கா எண்ணைப் பார்த்துவிட்டு, "எனக்கு முப்பதுதானடி கேட்டாங்க, நீ முந்நூறு வாங்கியும் பதினொண்ணுன்னு காட்டுதே" என்றாள். நாளைக்குச் சரியாகிவிடும் என்றேன். வலைப்பின்னல் புது இடத்துக்குப் பழக வேண்டும் என்றும் சொன்னேன். நான்கு வருடம் பல்கலைக்கழகத்தில் படித்தவள் வாயிலிருந்து வந்தது அது. ரூட்டர் என்ன, மாமியார் வீட்டுக்கு வந்த மருமகளா?

வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தேன். ஒரே இசை இருபத்தைந்து நிமிடம். பிறகு கிடைத்த பெண் மிகவும் பொறுமையானவர். அணைத்துவிட்டுப் பத்து எண்ணிப் போடச் சொன்னார். எண்ணிப் போட்டேன். எங்கே நின்று அளக்கிறேன் என்று கேட்டார். அக்காவின் அறை என்றேன். விளம்பரத்தில் சொல்லும் வேகம் அக்காவின் அறைக்கானதல்ல, ரூட்டருக்குப் பக்கத்தில் கேபிள் போட்டு அளந்தால் அதிகபட்சம் வரக்கூடியது என்று விளக்கினார். அது சுவரொட்டியில் இல்லையே என்றேன். இருக்கிறது மிஸ், கீழே நட்சத்திரக் குறிக்குப் பக்கத்தில் இருக்கிறது என்றார். அப்போதுதான் கேட்கவேண்டிய கேள்வி எனக்கு ஞாபகம் வந்தது. அப்லோட் எவ்வளவு?

ஐம்பது.

எங்கள் பழைய நூறு பேக்கேஜில்?

அதிலும் ஐம்பதுதான் மிஸ்.

இதை அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். யோசித்தது வீண். காப்புறுதி நிறுவனத்தில் பொடி எழுத்துகளைப் படித்தே சம்பளம் வாங்குகிறவளிடம் ஒப்பந்தத் தாளை எத்தனை நாள் மறைக்க முடியும்? சனிக்கிழமை காலை பசியாறும்போது அதை எடுத்துவரச் சொன்னாள். ரொட்டியைக் கடித்துக்கொண்டே இரண்டாம் பக்கத்தின் அடிப்பகுதிக்கு நேராகப் போனாள். முதல் பக்கத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

"பழசுலயும் அம்பதா?"

"ஆமா."

"அப்ப எதுக்குடி மாத்துன?"

என்னிடம் நேர்மையான பதில் ஒன்றுதான் இருந்தது. "பெரிய நம்பரா இருந்துச்சு."

திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் தாளை மடித்து வைத்தாள். "எனக்கு வர்ற ஃபைல்ல பாதிப் பேரு இப்படித்தான். கையெழுத்துப் போட்டுட்டு அப்புறம் படிப்பாங்க. அவங்களுக்கு நான் ரிஜெக்ட்னு எழுதி அனுப்பிருவேன். உன்ன என்னா செய்யறது?" என்றாள். பிறகு, திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றும் ஒரு குரலில், புதன்கிழமை மூன்று மணிக்குச் சோதனை, அன்றைக்கு விடுப்பு எடுத்திருக்கிறேன் என்றாள். அந்த ஜோகூர் பாரு கட்டிலுக்கு வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

தீர்வு கேவலமான அளவுக்கு எளிமையானது. பீடத்திலிருந்து அக்காவின் அறை வரை ஒரு கேபிள். பழைய நூறு பேக்கேஜிலேயே இதைச் செய்திருக்கலாம் என்பதை நான் வீட்டில் உரக்கச் சொல்லவில்லை. இரும்புக்கடைச் சீன முதலாளியான தவுக்கேயிடம் இருபத்தைந்து மீட்டர் வாங்கி, சுவரோரமாக ஆணி அடித்து இழுத்தேன். இரண்டு முனையிலும் செருகியை நானே பொருத்துவதாகச் சொன்னேன். தயாராகப் பொருத்தியதே கடையில் இருந்தது, ஆனால் அதை வாங்கினால் படித்ததற்கு என்ன அர்த்தம்? எட்டுக் கம்பி, எட்டு நிறம், வரிசை மாறக் கூடாது. முதல் நான்கு செருகிகள் பாழாயின. புதன்கிழமை காலை மறுபடியும் கடைக்கு ஓடி, திரும்பி வந்து, அக்காவின் அறைப் பக்கத்து முனையை ஒருவழியாக முடித்தேன். பீடத்துப் பக்கத்து முனையை மேசையில் வைத்து நிறம் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது மணி இரண்டு இருபது.

அப்போது வாசலில் பாட்டுச் சத்தம் கேட்டது.

அது அக்டோபர் மாதம். செபமாலை மாதத்தில் மாதா சுரூபம் எங்கள் அன்பியத்தில் நாளுக்கொரு வீடாகப் போகும். புதன்கிழமை எங்கள் வீட்டின் முறைதான், ஆனால் மாலை ஆறு மணிக்கு. முந்தின வீட்டு ஆண்ட்டிக்கு பெக்கோக்கிலிருந்து போன் வந்திருக்கிறது, மகளுக்குப் பிரசவ வலி என்று. மாதாவைப் பூட்டிய வீட்டில் தனியாக விட்டுப் போக முடியாதில்லையா? அதனால் கையோடு அழைத்துக்கொண்டு, அக்கம்பக்கத்தில் இருந்தவர்களையும் சேர்த்துக்கொண்டு வந்துவிட்டார். அம்மா கைலியைச் சரிசெய்துகொண்டு கேட்டைத் திறக்க ஓடினார். பீடத்தில் ரூட்டருக்கு நேர் முன்னால் மாதா எழுந்தருளினார். கழுத்தில் இரண்டு மாலை, பின்னால் முழுக்க மறைந்துபோன என் ரூட்டர். பதினான்கு பெண்கள் பாயில் அமர்ந்தார்கள். பதினான்கு கைப்பேசிகள் எங்கள் வைஃபையைத் தாமாகவே பிடித்துக்கொண்டன, ஏனென்றால் அதன் கடவுச்சொல்லை அழகாக அச்சடித்துச் சுவரில் மாட்டி வைத்தவள் நான்.

பாதிப் பேர் கைப்பேசியை உயர்த்தினார்கள். ஒருவர் ஷா ஆலமில் இருக்கும் மகளுக்கு நேரலை. ஒருவர் முகநூலில் நேரலை. மற்றவர்கள் பீடத்தைப் படம் எடுத்து உடனுக்குடன் ஐந்தாறு குழுக்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து வெளியே போகக்கூடிய ஐம்பதும் மாதாவோடு போய்க்கொண்டிருந்தது.

மூன்று மணிக்கு முதல் சோதனை. அக்கா கதவை அரையாகத் திறந்து தலையை நீட்டினாள்.

"நாலு காட்டுதுடி. என்னா நடக்குது வெளிய?"

"மாதா வந்துட்டாங்க."

"எத்தன பேரோட?"

"பதினாலு."

கணினிப் பிரிவு ஆள் நல்லவராம். மூன்றேகாலுக்கு இன்னொரு முறை பார்க்கிறேன், அதற்குமேல் எனக்கு வேறு ஆள் இருக்கிறது என்றாராம். அக்கா இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. கதவு மூடிக்கொண்டது.

செபத்தை நிறுத்தி எல்லோரும் வைஃபையை அணையுங்கள் என்று சொல்லலாமா? மகளின் பிரசவத்துக்கு ஓடவேண்டியவர் மாதாவை விட்டுப் போகக் கூடாதென்று தூக்கி வந்திருக்கிறார், அவரிடமா? செருகியைப் பொருத்தினேன். இம்முறை வரிசை முதல் தடவையே சரியாக வந்தது. கேபிள் முனையை முந்தானை மாதிரி துப்பட்டாவுக்குள் சுருட்டிக்கொண்டு, பாயைத் தாண்டி, பீடத்துக்கு மிக அருகில் போய் முழங்காலிட்டேன்.

செபமாலையின் மூன்றாவது பத்து மணிகள் அப்போதுதான் முடிந்திருந்தன. அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பள்ளி முடித்ததிலிருந்து செபமாலைக்கு வந்து உட்காராத மகள், எல்லோருக்கும் முன்னால் முழந்தாளில். அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் இருந்த ஆண்ட்டி தன் செபமாலையைக் கழற்றி என் கையில் வைத்தார். செபத்தை நடத்திக்கொண்டிருந்தவர் அரசு மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர், அவர் சொல்லை வார்டிலும் யாரும் தட்டியதில்லை. "அடுத்த பத்து நீ சொல்லு மா" என்றார்.

சொன்னேன். வலது கையில் மணி உருண்டது. இடது கை பின்னல் துணிக்கு அடியில் புகுந்து, மாலைகளுக்குப் பின்னால் ரூட்டரின் முதுகைத் தடவியது. நான்கு துளைகள் இருக்க வேண்டும், எனக்கு அகப்பட்டது அந்தோணியாரின் பாதம். குரல் தடுமாறியது. பக்தியில் தழுதழுக்கிறது என்று பின்னாலிருந்து யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ஆறாவதோ ஏழாவதோ மணியில் செருகி 'டக்'கென்று உட்கார்ந்தது. அதற்குப் பக்கத்திலேயே வைஃபை பொத்தான். மூன்று நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும். பிடித்தேன். இந்தக் குழப்பத்தில் பத்துக்குப் பதிலாகப் பன்னிரண்டு முறை சொல்லியிருக்கிறேன். யாரும் திருத்தவில்லை.

நேரலைகள் உறைந்தன. ஒரு கைப்பேசி இறங்கியது, பிறகு இன்னொன்று. கடைசிப் பத்து மணியை எல்லோரும் கொஞ்சம் வேகமாகவே சொன்னார்கள்.

பாட்டு முடிந்து அம்மா சுண்டலும் காப்பியும் கொண்டுவந்தபோது என் புகழ் தரைமட்டமானது. "முந்நூறுன்னு குரூப்ல போட்டியே மா, பத்து நிமிஷம்கூட நிக்கலயே லா" என்றார் முகநூல் ஆண்ட்டி. எங்க வீட்டு நூறே பரவாயில்லை என்றார் மற்றொருவர். கம்பெனிக்காரன் அப்படித்தான் ஏமாற்றுவான் என்று நானும் சேர்ந்துகொண்டேன். பொய் சொல்கிறோம் என்ற உறுத்தல் இருந்தது, ஆனால் அவ்வளவு பெரிய பொய்யாகவும் தோன்றவில்லை.

அக்காவின் அறைக் கதவு திறந்தது. வெளியே வந்தாள். கூடத்தில் பின்மதிய வெயில் தரை வரை விழுந்திருந்தது, அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். அம்மாவைப் பார்த்து, "நாப்பத்தேழு" என்றாள். அம்மாவுக்கு அந்த எண் புரிந்திருக்க வாய்ப்பில்லை. முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, காப்பித் தட்டை அப்படியே தரையில் வைத்துவிட்டார்.

எதிர் வரிசைக்குக் குடிவந்து ஒரு வருடமான ஆண்ட்டி அக்காவை மேலும் கீழும் பார்த்தார். "யாரு மா இது? ஊர்லேருந்து வந்த சொந்தமா?"

"என் மூத்த பொண்ணு. இங்கதான் இருக்கா" என்றார் அம்மா.

"அலமாக், நான் பாத்ததே இல்லயே" என்று அந்த ஆண்ட்டி நகர்ந்து பாயில் இடம் விட்டார்.

அக்கா உட்கார்ந்து சுண்டல் தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். "திங்கள், புதன், வெள்ளி இருப்பேன் ஆண்ட்டி" என்றாள், கிளினிக்கில் டாக்டர் வரும் நாளைச் சொல்வதுபோல.